டிராலியில் உட்கார ஒரு ஆள்

முதலிபாளையம்
19-1-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

ஜோதி எழுதுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மதினியும் சுகமாக இருக்கவேண்டும் என்று நம்ம அய்யனாரை இங்கிருந்தே கும்பிட்டுக்கொண்டேன். பொங்கலுக்கு வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பாய். ஷிப்மென்ட் மாட்டிக்கொண்டது, பொங்கலன்றும் பனியன் கம்பெனி ஓடியது. போனில் சொல்லலாம் என்றால் நீ வெறும் 'ம்' கொட்டுவாய், பூத்காரர் மீட்டரைப் பார்த்துச் சிரிப்பார். அதனால்தான் கடிதம்.

இப்போது ஒரு சங்கதி. எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் வேலிக்கருவை மண்டிய ஒரு நீளப் பொட்டல் இருக்கிறது. லாரி ரோட்டுக்குப் பயந்து பெண்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் கம்பெனிக்கு நடப்போம். போன மாதம் என் காலை இரும்பு தட்டியது. குனிந்து மண்ணைத் தள்ளினால் தண்டவாளம்! கேங்மேன் மகளுக்கு, கேங்மேன் தங்கச்சிக்கு அது தெரியாமல் போகுமா? நம்ம ஊர் லைனில் பாதி அகலம்கூட இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே இருந்த ஜின்னிங் பேக்டரியிலிருந்து கூட்ஸ் ஷெட் வரைக்கும் பஞ்சுப் பொதியை டிராலியில் ஏற்றித் தள்ளிய பாதையாம். வீட்டுக்காரம்மா பழனாத்தாள் சொன்னார்கள்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் சசிகுமார் அவிநாசிக்காரர், பழைய பொருள் என்றால் உயிரை விடுவார். ஞாயிற்றுக்கிழமையில் ஆள் சேர்த்து இதை ஓட வைக்கலாம் என்று கிளம்பிவிட்டார். நிலத்துக்காரர் கந்தவேல் தண்டவாளத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுச் சுவர் எழுப்ப இருந்தார். நாங்கள் போய் நின்றதும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஆடிப்பதினெட்டுக்குள்ள இந்தத் தலையில இருந்து அந்தத் தலைக்கு ஒரு டிராலி கவுறாம ஓடட்டுமுங்க. ஓடுச்சுன்னா பாதை உங்களுக்கு. இல்லீன்னா இரும்புக்காரன் வந்துருவான்."

உனக்கென்ன இந்த வம்பு என்பாய். சொல்கிறேன். நான் செக்கிங்கில் இருக்கிறேன் அல்லவா, தையல் விட்ட இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்பு ஒட்டியது தையலுக்குத் திரும்பிப் போய்ச் சரியாகிவிடும். தேறாத துணிக்கு அம்பு கிடையாது, ஓரமாக எறிந்துவிடுவோம். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போய்விடும். இத்தனை வருஷத்தில் நான் கை வைத்த பொருள் ஒன்றைக்கூட இரண்டாவது தடவை பார்த்ததில்லை அண்ணே. இந்தத் தண்டவாளம் எங்கேயும் போகாது. அதுதான் எனக்கு ஆசையாக இருக்கிறது.

எப்படி ஆரம்பிப்பது, எதைக் கவனிப்பது, எழுது. மதினிக்கு என் அன்பு.

உன் தங்கச்சி
நாகஜோதி

---

மேலப்புதூர்
2-2-2003

தங்கச்சி நாகஜோதிக்கு அண்ணன் ஜெயபாண்டியின் ஆசி.

கடிதம் கிடைத்தது. நான் சுகம். செல்லத்தாய்க்கு இருமல், கஷாயம் குடிக்கிறாள். கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டது, ஒன்று கிடாய். கண்மாயில் தண்ணீர் இல்லை.

உன் புருஷன் போனபிறகு இங்கேயே இரு, ஒரு வாய்ச் சோறு எனக்குப் பாரமில்லை என்று சொன்னேன். கேட்காமல் பஸ் ஏறினாய். இப்போது அங்கே போய் முள் வெட்டுகிறாய். முள் வெட்ட இங்கே இடமில்லையா?

லைன் வேலை ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு இல்லை. அப்பா அதிலேயே முதுகு வளைந்து போனார். டிராலி ஓட்டவேண்டும் என்று எழுதியிருக்கிறாய். டிராலியைப் பற்றி உனக்கு என்ன தெரியும்? குடைக்குக் கீழே அதிகாரி உட்கார்ந்திருப்பார், நாங்கள் வெறும் காலோடு தண்டவாளத்தின் மேல் ஓடித் தள்ளுவோம். அவர் கணக்குக்கு அது இன்ஸ்பெக்ஷன். உட்கார்ந்து போகிறவனுக்கு லைன் தெரியாது. நடந்து போகிறவனுக்குத்தான் தெரியும்.

வேறு விசேஷம் இல்லை. வெயில் ஏறுகிறது, தலையில் துணி போட்டுக்கொண்டு போ.

ஜெயபாண்டி

---

முதலிபாளையம்
2-3-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கே மதினியின் இருமல் நின்றதா? கிடாய்க்குட்டியின் நலம்கூட எழுதினாய், நான் கேட்ட ஒன்றுக்கு மட்டும் பதில் இல்லை. இருக்கட்டும். நாங்களே பார்த்துக்கொண்டோம்.

முள்ளெல்லாம் வெட்டிவிட்டோம். என் கையைப் பார்த்தால் நீ பயப்படுவாய். அயர்னிங் செய்கிற ஆரோக்கியராஜ் நம்ம பக்கத்துப் பிள்ளைதான், சாத்தூர். முள் குத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒரு புனிதரைக் கூப்பிடுவான், பாதி வேலையிலேயே புனிதர்கள் தீர்ந்துவிட்டார்கள் என்று எல்லோரும் கேலி செய்கிறோம். அடியில் இருந்த கட்டைகள் கறையான் தின்று மாவாகிவிட்டன. இடித்த ஓட்டு வீடுகளில் கிடந்த பனங்கட்டைகளைக் கேட்டு வாங்கிப் போட்டோம். பழைய பேக்டரிக்குள் டிராலியின் சக்கரங்கள்கூடக் கிடைத்தன, இரண்டு ஜோடி, அச்சோடு.

இனி என் பெருமையைக் கேள். தண்டவாளமும் தண்டவாளமும் சேருகிற இடத்தில் எல்லாம் இடைவெளி விட்டு வைத்திருந்தான் அந்தக் காலத்து ஆள். விரல் நுனி நுழையும். சோம்பேறி வேலை! எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு தையல் வந்தால் சூப்பர்வைசர் மூஞ்சியில் எறிவார். நான் கம்பெனியிலிருந்து ஒரு சுருள் அம்பு ஸ்டிக்கர் கேட்டு வாங்கி வந்து, பாதை நெடுக நடந்து, இடைவெளி தெரிந்த ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒட்டினேன். பின்னாலேயே ஆட்கள் வந்து சம்மட்டியால் தட்டித் தட்டி நெருக்கினார்கள். நெருக்கியதில் நடுவே மிச்சமான இடத்தில் ஒரு துண்டு வெட்டிச் சொருகினோம். இரண்டு தலையிலும் சிமென்ட் போட்டு இறுக்கியாயிற்று. இப்போது ஒரு ஜாயின்ட்டிலும் நூல் நுழையாது. சசிகுமார் மாஸ்டரே தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க ஜோதி, ஏ கிரேடு பீஸுங்க" என்றார்.

இதற்காவது ஒரு வார்த்தை நல்லதாக எழுது அண்ணே.

நாகஜோதி

---

முதலிபாளையம்
6-4-2003

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதக்கூட இந்தத் தடவை மனசு வரவில்லை. மாசி போய்ப் பங்குனியும் முடியப் போகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உன் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டேன், மதினி வந்து 'எல்லாரும் நல்லா இருக்கோம் தாயி' என்று சொல்லி உடனே வைத்துவிட்டார்கள்.

உன் பேச்சைக் கேட்காமல் பஸ் ஏறியதற்கு இன்னும் எத்தனை காலம் கோபம்? வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. நீ வந்து பார்த்தால் அசந்து போவாய். அதற்காகவே உனக்கு எரிச்சல் என்று நினைக்கிறேன்.

மதினிக்கு அன்பு. உனக்கு இல்லை.

ஜோதி

---

முதலிபாளையம்
27-4-2003

ஜெயபாண்டித் தம்பிக்கு,

நீங்க என்னைப் பார்த்ததில்லை. உங்க தங்கச்சி குடியிருக்கிற ஊட்டுக்காரி பழனாத்தாள் நான். ஊட்டில் ஆடு மாடு, பெரியவர், குழந்தை குட்டி எல்லாரும் சௌக்கியமாக இருக்கவேண்டுமுங்க. நான் சொல்லச் சொல்ல எதிர் ஊட்டுப் பெண் எழுதுகிறாள். விலாசம் நீங்க போட்ட இன்லேண்ட் லெட்டரின் முதுகில் இருந்து எடுத்தது. ஜோதிக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைக் கொன்றே போடும்.

சித்திரை பிறந்து வெயில் காய்ச்சுகிறதுங்க. போன ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில் டிராலியை முதல் தடவை ஏற்றிப் பார்க்கலாம் என்று எல்லாரும் வந்திருந்தார்கள். நானும் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். போய்ப் பார்த்தால் காலையில் நூல் பிடித்த மாதிரி இருந்த தண்டவாளம் வேப்பமரத்து வளைவுக்கு முன்னால் நடுப்பாதையில் பாம்பு மாதிரி நெளிந்து கிடக்கிறதுங்க. கட்டையை எல்லாம் இழுத்துக்கொண்டு ஒரு பக்கமாகப் புடைத்துவிட்டது. யாரும் தொடக்கூட இல்லை. இதென்ன காத்துக்கருப்பு வேலையா என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கந்தவேல் வந்து பார்த்துவிட்டு, "நான் அப்பவே சொன்னனுங்களே" என்று சிரித்தார். மறுநாளே இரும்புக்காரன் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஜோதி மட்டும் கூட்டத்தை விட்டு ஊட்டுக்கு வந்துவிட்டது. எல்லா ஜாயின்ட்டிலும் அம்பு ஒட்டினது அதுதானாம், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று அதற்குள்ளே ஒரு எண்ணம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறது. சோறு கொண்டுபோய் வைத்தால், "பசிக்கல ஆத்தா" என்கிறது. ஆட்கள் வருவதும் குறைந்து போச்சு.

நீங்க ரயிலில் வேலை பார்க்கிறவர் என்று அது பெருமையாகச் சொல்லும். உங்களிடம் கேட்க அதற்கு வாய் வராதுங்க. நான் கேட்கிறேன். இது ஏன் நெளிந்தது, இதைத் தேற்ற வழி உண்டா? கோபதாபம் இருந்தால் அப்புறம் வைத்துக்கொள்ளலாமுங்க.

பழனாத்தாள்

---

மேலப்புதூர்
4-5-2003

ஏ ஜோதி,

நலம் விசாரிக்க நேரமில்லை.

யாரைக் கேட்டு இடைவெளியை அடைத்தாய்? அந்தக் காலத்து ஆள் சோம்பேறி இல்லை. வெயிலில் இரும்பு நீளும். நீளுகிற இரும்புக்குப் போக இடம் வேண்டும். அதற்குத்தான் அந்த இடைவெளி. உங்கள் கம்பெனியில் துணி சுருங்கும் என்றுதானே தெரியும், சுருங்குவதற்குக் கணக்குப் போட்டு வெட்டுவீர்கள், நீளுவதற்குப் போடவில்லை. போதாததற்கு இரண்டு தலையிலும் சிமென்ட் வேறு. கழுத்தையும் காலையும் கட்டிவிட்டால் மனுஷனே நெளிவான்.

இப்போது சொல்வதைக் கேள். அழுகையை அப்புறம் வைத்துக்கொள்.

முதலில் சிமென்டை உடை. நடுவில் சொருகிய துண்டை எடுத்து எறி. ஜாயின்ட்டில் இரண்டு பக்கமும் பட்டை வைத்து போல்ட் போட்டிருக்கும், அந்த ஃபிஷ் பிளேட் எல்லாவற்றையும் தளர்த்து. வெயில் ஏறுவதற்கு முன்னால் வேலையைத் தொடங்கு, இரும்பு குளிர்ந்திருக்கும். ஒரு தலையிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு தண்டவாளமாக நெம்பி, ஜாயின்ட்டுக்கு ஜாயின்ட் ஒரே அளவு இடைவெளி விட்டுக்கொண்டே வா. கண்ணால் பார்த்து விடாதே, ஏதாவது தகடு வைத்து விடு. போல்ட்டை மூச்சுமுட்ட முறுக்காதே, எண்ணெய் போடு, இரும்பு உள்ளே நகர வேண்டும்.

நெளிந்ததைப் பார்த்துப் பயப்படாதே. நெளிந்தது இரும்பு இல்லை, பாதை. தளர்த்திவிட்டால் கடப்பாரைக்கு வழிக்கு வரும். கட்டைக்கு அடியில் ஜல்லியை இடித்துத் திணி. மேலே கொட்டினால் அது அலங்காரம்.

எங்கள் லைனிலும் புது ஆட்கள் செய்கிற தப்புதான் இது. அப்பாவே ஒரு தடவை செய்திருக்கிறார், உனக்குத் தெரியாது.

ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது. கதவைத் திற. ஆட்களைக் கூப்பிடு.

ஜெயபாண்டி

---

முதலிபாளையம்
25-5-2003

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நலம் விசாரிக்காவிட்டாலும் நான் விசாரிக்கிறேன். நலமா? உன் திட்டைப் படித்தபிறகு நான் ரொம்ப நலம். வீட்டுக்காரம்மாவிடம் போய்ச் சண்டை போட்டேன், ஏன் எழுதினீர்கள் என்று. "எழுதினதுக்குப் பலன் வந்துச்சா இல்லியா கண்ணு?" என்று கேட்டார்கள். அப்புறம் அவர்களையே கட்டிக்கொண்டு அழுதேன். மூன்று மாதமாக உன் கடிதம் இல்லாமல் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

உன் கடிதத்தை ஆரோக்கியராஜ் பாதை நடுவில் நின்று பிரசங்கம் மாதிரி வாசித்தான். 'அழுகையை அப்புறம் வைத்துக்கொள்' என்ற இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது. ஆட்கள் திரும்ப வந்துவிட்டார்கள். நீ சொன்ன தகடுக்கு எங்கே போவது என்று யோசித்தோம். சசிகுமார் மாஸ்டர் பேட்டர்ன் அட்டையைக் கொண்டுவந்தார். துணி வெட்டுவதற்கு அளவாக வைக்கிற கெட்டி அட்டை. அதை நறுக்கி இரண்டாக மடித்து ஜாயின்ட்டில் வைத்துத் தண்டவாளத்தை நெருக்கி, அட்டையை உருவி எடுக்கிறோம். எல்லா இடத்திலும் ஒரே அளவு. நான் ஒட்டிய அம்புகளை நானே பிய்த்துக்கொண்டு வருகிறேன். வெயிலில் ஒட்டிப் பிடித்துவிட்டது, நகம் வலிக்கிறது.

கத்திரி வெயிலில் உச்சிவேளையில் போய் நின்று பார்த்தேன். இடைவெளி எல்லாம் மூடியிருந்தது, பாதை நெளியவில்லை. சாயங்காலம் மறுபடி திறந்துகொண்டது. அதைப் பார்க்க நீ இல்லையே என்று இருந்தது.

அண்ணே, ஒன்று கேட்கிறேன். உன் கடிதம் மதினி கையெழுத்தில் இருந்தது. உனக்குக் கையில் ஏதாவது வலியா? ஆடிப்பதினெட்டு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும்.

உன் ஜோதி

---

மேலப்புதூர்
15-6-2003

தங்கச்சிக்கு ஆசி.

இங்கே எல்லோரும் சுகம். கிடாய்க்குட்டி வளர்ந்துவிட்டது, முட்ட வருகிறது.

அட்டை நல்ல யோசனை. ஆனால் மழை பெய்தால் அட்டை ஊறும், ஈர அட்டையை வைத்து அளக்காதே. வேப்பமரத்துப் பக்கம் பாதை வளைகிறது என்று எழுதியிருந்தார்கள் உன் வீட்டுக்காரம்மா. வளைவில் வெளிப்பக்கத்துத் தண்டவாளத்தைக் கொஞ்சம் தூக்கி ஜல்லி இடி. அங்கேதான் டிராலி கவிழும்.

எனக்கு வர இயலாது. லீவு இல்லை. என் கையில் வலி இல்லை.

ஜெயபாண்டி

---

மேலப்புதூர்
29-6-2003

ஜோதிக்குச் செல்லத்தாய் மதினி எழுதிக்கொண்டது.

உன் சுகத்துக்குக் கடவுள் துணை. இந்தக் கடிதத்தை உங்கள் அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். இத்தனை நாள் அவர் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார். இனி என்னால் முடியாது தாயி.

மாசி மாதம் தண்டவாளம் இறக்கும்போது ஒன்று சரிந்து அவர் வலது காலில் விழுந்துவிட்டது. யார் மேலும் தப்பு இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் வைத்துக் காலைக் காப்பாற்றி விட்டார்கள், ஆனால் முழங்கால் மடங்காது. கம்பு ஊன்றி வீட்டுக்குள் நடக்கிறார். ஜல்லி மேல் ஒரு எட்டு வைக்க முடியாது. நீ போன் போட்ட அன்றைக்கு நான் ஆஸ்பத்திரியிலிருந்து துணி எடுக்க வந்திருந்தேன். பொய் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஊருக்கு வந்தபிறகு சுவரைப் பார்த்துப் படுத்தார். உன் கடிதங்களை நானே பிரித்துப் பார்த்துவிட்டுப் பானைக்குள் வைத்திருந்தேன். வீட்டுக்காரம்மா கடிதம் வந்ததும் எல்லாவற்றையும் சேர்த்துப் படித்துக் காட்டினேன். "அம்பு ஒட்டி அடைச்சாளா?" என்று கேட்டு எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒரே திட்டு. அவர் சொல்ல நான் எழுதினேன். திட்டத் திட்ட எனக்குக் கண்ணீர் வந்தது, சந்தோஷத்தில். அந்த மனுஷன் திரும்பி வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஆனால் இன்னும் முழுசாக வரவில்லை. ஆபீசில் ரயில்வே கேட் கீப்பர் வேலை தருகிறோம் என்கிறார்கள். உட்கார்ந்து பார்க்கிற வேலை. வேண்டாம் என்கிறார். "நடக்க முடியாதவனுக்கு லைன்ல என்ன இருக்கு" என்று ஒரே பேச்சு. ஆடிக்குள் பதில் சொல்லவேண்டுமாம். நீ ஏதாவது செய். ஆனால் நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

செல்லத்தாய்

---

முதலிபாளையம்
6-7-2003

அண்ணே,

நலம் விசாரிக்க எனக்கும் நேரமில்லை.

டிராலி தயாராகிவிட்டது. பலகை அடித்து, மேலே ஒரு நாற்காலியும் அறைந்தாயிற்று. இப்போது ஒரு சிக்கல். இன்ஸ்பெக்ஷன் இல்லாமல் லைன் திறப்பது முறை இல்லை என்று நீயே சின்ன வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறாய். இங்கே தள்ளுவதற்கு ஆள் இருக்கிறது. அயர்னிங், கட்டிங், பேக்கிங் எல்லா செக்ஷனிலும் நான் முந்தி நீ முந்தி என்று நிற்கிறார்கள். நடக்கவும் ஆள் இருக்கிறது, நானே தினமும் நடக்கிறேன். உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை.

சசிகுமார் மாஸ்டரை உட்காரச் சொன்னேன். துணியானால் உட்காருவேன், எனக்கு லைன் தெரியாது என்கிறார். ஆரோக்கியராஜ் உட்கார்ந்தால் ஜெபம் பண்ணுவான். உட்கார்ந்து போகிறவனுக்கு லைன் தெரியாது என்று தை மாதம் எழுதினாயே, அது யாரை நினைத்து எழுதியது? நடந்து நடந்து லைன் தெரிந்த ஒருவன் உட்கார்ந்து போனால் என்ன ஆகும் என்று எனக்குப் பார்க்கவேண்டும். உங்கள் ரயில்வேயில் ஒரு தடவையாவது அப்படி நடந்திருக்கிறதா?

லீவு இல்லை என்று எழுதாதே. ஆடிப்பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே மதினியோடு பஸ் ஏறு. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டு வருகிறோம். நீ வராமல் டிராலி புறப்படாது. புறப்படாவிட்டால் கந்தவேலின் இரும்புக்காரன் வருவான். அவ்வளவுதான்.

குடையும் உண்டு.

ஜோதி

---

மேலப்புதூர்
17-8-2003

அன்புள்ள தங்கச்சி ஜோதிக்கு அண்ணன் ஜெயபாண்டி ஆசியுடன் எழுதுவது.

நானும் செல்லத்தாயும் சுகமாக வந்து சேர்ந்தோம். இது என் கையெழுத்து, பார்த்துக்கொள். உன் வீட்டுக்காரம்மா கட்டிக்கொடுத்த கச்சாயப் பலகாரம் வழியிலேயே தீர்ந்துவிட்டது. அவர்களுக்கும் மற்ற எல்லோருக்கும் என் வணக்கத்தைச் சொல்.

அன்றைக்கு உன்னிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பஸ்ஸிலிருந்து நான் கம்பை ஊன்றி இறங்கியபோது நீ காலைப் பார்க்கவில்லை. ஒன்றும் கேட்கவுமில்லை. அப்போதே செல்லத்தாய் எழுதிவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். நீ அழுதிருந்தால் அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்பேன்.

என்னைத் தூக்கி நாற்காலியில் வைத்து, காலுக்குக் கீழே பனியன் வேஸ்ட் மூட்டையை அண்டக்கொடுத்து, உன் வீட்டுக்காரம்மா குடை பிடித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்த ஆரோக்கியராஜ் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்டவாளத்தில் ஏறி நின்றான். நான் நிற்கிற இடம் அது. இத்தனை வருஷம் நான் பார்த்தது அதிகாரியின் முதுகைத்தான். முன்னால் இருந்து பார்த்தால் லைன் இப்படி இருக்கும் என்று தெரியாது. நேராக வந்து மடியில் விழுகிறது.

ஒன்று உனக்குத் தெரியாது. மடங்காத காலில் அதிர்வு தலை வரைக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு ஜாயின்ட்டும் எனக்கு அந்தக் காலில்தான் கேட்டது. டட்டக், டட்டக் என்று ஒரே மாதிரி, உங்கள் அட்டை பொய் சொல்லவில்லை. வேப்பமரத்து வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் காலில் வேறு மாதிரி ஒரு அடி. நான் நிறுத்து என்று கத்தியபோது எல்லோரும் என்னைத்தான் பார்த்தீர்கள். கட்டைக்கு அடியில் எலி வளை பறித்து ஜல்லி இறங்கியிருந்தது. நீ ஓடிப்போய் அங்கே ஒரு அம்பு ஒட்டினாய். கந்தவேல் கடிகாரத்தைப் பார்த்தார், இரும்புக்காரன் தராசு வண்டியோடு நிழலில் நின்றான். நீங்கள் ஜல்லி இடித்து முடிக்கிற வரைக்கும் நான் அந்தத் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வளைவை டிராலி தாண்டியபோது பின்னால் தள்ளுகிறவர்கள் போட்ட சத்தத்தில் குடையே கவிழ்ந்தது.

அந்தத் தலையில் கூட்ஸ் ஷெட் சுவரில் போய் நின்றோம். கந்தவேல் வாக்கு மாறவில்லை, அதற்காக அந்த மனுஷனை மதிக்கிறேன். "திரும்பிப் போறப்ப நான் ஏறிக்கட்டுமுங்களா?" என்று கேட்டார். "உட்கார ஒருத்தர்தான், நீங்க தள்ளுங்க" என்றேன். சொன்னபிறகுதான் சொன்னது உறைத்தது. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். நிலத்துக்காரர் தள்ள நான் உட்கார்ந்து வந்ததை இங்கே டீக்கடையில் சொன்னேன், ஒருவனும் நம்பவில்லை.

முள் வெட்ட இங்கே இடமில்லையா என்று கேட்டிருந்தேன். தப்புத்தான். நீ அங்கேயே இரு. உன் பொருள் அங்கே இருக்கிறது.

வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றும்போது செல்லத்தாய் சிரித்தாள். வலது முழங்கால் படுகிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. என்னைத் தூக்கி இறக்கியபோது ஒட்டியிருக்கிறாய். விளையாட்டுக்கு எதையோ ஒட்டியிருக்கிறாள் பார், என்று முதலில் கோபம் வந்தது. பிறகு பானையிலிருந்து உன் தை மாதக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். தேறாத துணிக்கு அம்பு கிடையாது என்று அதில் எழுதியிருந்தாய்.

வேட்டியைத் துவைக்கப் போட்டாகிவிட்டது. அம்பைப் பிய்த்துக் கம்பின் கைப்பிடியில் ஒட்டி வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் கேட்டில் வேலைக்குச் சேருகிறேன்.

சித்திரை வெயிலில் ஜாயின்ட்டுகளை ஒரு தடவை பார்த்தாக வேண்டும். நீங்களாக எதையும் தட்டிவிடாதீர்கள். அச்சுக்கு எண்ணெய் போட்டு, டிராலியைத் துடைத்து வை. நாற்காலியைக் கழற்றாதே.

உன் அண்ணன்
ஜெயபாண்டி